கை வேண்டாம்

என் அக்கா ஹேமாவதியின் கணவர், நான் பாவா என்று கூப்பிடும் பரந்தாமனுக்கு, இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் மகள் தன்னை ஒருமுறை கூப்பிட வேண்டும். படிப்பு, பதக்கம், உத்தியோகம் எதுவும் அவர் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு இது சின்ன ஆசையாகத்தான் தோன்றும். அந்தச் சின்ன ஆசைக்காக என் பாவா பட்ட பாட்டையும் அடைந்த குழப்பத்தையும் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் நான். சில இடங்களில் குழப்பத்தைக் கூட்டியவனும் நான்தான்.

என் பெயர் கஜபதி. ஆர்.கே.பேட்டைக்கும் திருத்தணிக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வாயால் பிழைப்பவன். பாவா எனக்கு நேர் எதிர். அம்மையார்குப்பத்தில் எட்டுத் தறி ஓடும் ஒரு பவர்லூம் கொட்டகையில், செட்டு என்போம், லுங்கி நெய்கிறார். நாளெல்லாம் அவர் பேசுவதை ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். பேச்சு வராது என்று இல்லை, அந்த இடத்தில் பேசிப் பயன் இல்லை.

எட்டுத் தறியும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் செட்டுக்குள் எல்லாமே கைதான். டீ வந்துவிட்டது, நூல் அறுந்துவிட்டது, உன்னைத் தேடி வாசலில் ஆள் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. ஆட்களின் பெயரும் கைதான். செட்டு முதலாளி நாகராஜன் என்றால் வயிற்றின் மேல் அரை வட்டம். தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் தார் சுற்றித் தருகிற ஜெயம்மா என்றால் மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு விரல். இந்தக் கைப்பெயர்கள் ஊர்ப் பட்டப்பெயர் மாதிரி. ஊருக்கெல்லாம் தெரியும், உரியவனுக்குத் தெரியாது. எதிரில் நிற்பவனைக் கூப்பிட நூல் கழிவை உருட்டி முதுகில் எறிந்தால் போதும், பெயர் எதற்கு? பெயரெல்லாம் ஆள் இல்லாதபோது அவனைப் பற்றிப் பேசுவதற்குத்தான்.

கரண்ட் போனால்கூட அவர்கள் கை நிற்காது. செட்டு அமைதியாகக் கிடக்கும், இவர்கள் பாட்டுக்குக் கையாலேயே வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பாவா ஒல்லியான ஆள். மீசை வைத்ததே கிடையாது. அறுந்த இழையைத் தறி அச்சின் பல்லுக்குள் இழுத்துக் கோர்க்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. தச்சன் பென்சில் சொருகுவது போல அதை வலது காதில் சொருகியிருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அது அங்கேதான் இருக்கும். அதைக் கழற்றச் சொல்லி அக்கா சண்டை போடாத நாள் இல்லை.

அவர்கள் மகள் கவிப்பிரியாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடிக்காரர்களின் பம்பை தலைக்கு மேலே அதிர்ந்துகொண்டிருக்க, அவள் பாவாவின் தோளில் தூங்கினாள். நல்ல தூக்கக்காரி என்று மெச்சியவன் நான்தான். கூட்டத்தில் நின்ற ஒரு நர்ஸ் அம்மாதான் குழந்தையை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

அப்போது அக்கா வேன் ஏறி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு வயதிலிருந்தே செட்டில்தான் வளர்ந்தது. பாவா தறியில் நிற்பார், குழந்தை ஜெயம்மாவின் தார் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். காது கேட்காது என்று தெரிந்த பிறகும் அங்கேதான் விட்டார்கள். கேட்காத காதைச் சத்தம் என்ன செய்துவிடப் போகிறது என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம்.

நாலரை வயதில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின், அதோடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். மெஷினை முதல்முதல் போட்ட அன்று பாவா புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சுவிட்ச் போட்டதும் மகள் திரும்பித் தன்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்திருக்கிறார். அவள் பயந்து அழுதாள். இனிமேல்தான் பயிற்சியே ஆரம்பம், கேட்கப் பழகிய பிறகுதான் பேச்சு வரும் என்று டாக்டர் சொன்னார்.

பயிற்சி மையம் சென்னைப் பக்கம் இருந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் திருத்தணியில் ரயில் ஏறினாள். செட்டுக்கு லீவான வெள்ளிக்கிழமையில் பாவாவும் போவார். அங்கே பயிற்சி கொடுத்த பெண்ணின் பெயர் சுதா. அவள் முதல் நாள் சொன்னதைக் கேட்டே பாவாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. குழந்தை இனிமேல் தறிச் சத்தத்தில் இருக்கக் கூடாதாம். அது புரிந்தது. பேசும்போது நம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேச வேண்டுமாம். வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டால் காது சோம்பேறி ஆகிவிடுமாம். பேச்சு வரவழைக்க வாயை மூடிக்கொள்ள வேண்டுமா என்று பாவா திரும்பி வரும்போது ரயிலிலிருந்து மூன்று முறை என்னிடம் போனில் கேட்டார்.

அடுத்தது மொழி. எங்கள் வீடுகளில் தெலுங்கு. தெருவில் தமிழ். கோபம் வந்தால் இரண்டும். ஒரே மொழியில் பேசுங்கள், பள்ளிக்கூடம் தமிழ் என்பதால் தமிழாகவே இருக்கட்டும் என்று சுதா சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லாரும் அப்பனை நைனா என்போம். அதுவும் போய் ‘அப்பா’ ஆனது. அக்காவும் பாவாவும் வீட்டுக்குள் தமிழ் பேச ஆரம்பித்தார்கள். வந்த விருந்தாளிகளைப் போல ஒருவரையொருவர் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே கை. சுதா அதில் உறுதியாக இருந்தாள்.

“பாப்பா கையைக் காட்டினா கண்டுக்காதீங்க. கையிலயே எல்லாம் கிடைச்சிட்டா வாய் எதுக்குங்க வரும்?”

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். தரையில் மண்டி போட்டுக்கொண்டு ஒரே பொம்மையை ஐம்பது தடவை அலுக்காமல் காட்டுவாள். அந்த வழியில் பேச்சு வந்து, வாய் ஓயாமல் பேசும் பிள்ளைகளையும், கூடப் போன ஓரிரு முறை, அங்கே என் கண்ணால் பார்த்தேன். நம் பிள்ளையும் அப்படி ஆகும் என்று நம்பினோம்.

ஆனால் கவியிடம் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு விரலை வலது காதுக்குப் பின்னால் வைத்துத் தட்டுவாள். சரியாக மெஷின் இருக்கும் இடம். மெஷின் வந்த பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டு தட்டுவாள். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டுவாள். சாப்பிடும்போது பாவாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவாள். பேட்டரியை மாற்றினார்கள். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள். காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஒருவேளை மெஷின் பிடிக்கவில்லை, பிடுங்கிப் போடப் பார்க்கிறாளோ என்று எல்லாரும் பயந்தோம். கடைசியில் சுதா ஒரு வழி சொன்னாள். காதுக்குக் கை போகும்போதெல்லாம் அந்தக் கையை மெல்லப் பிடித்து மடியில் அழுத்திவிட்டு, சிரித்த முகமாக ‘கை வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். திட்டக் கூடாது. ஒருநாளும் விடக் கூடாது.

சொன்னதைச் செய்வதில் பாவாவை மிஞ்ச ஆள் கிடையாது. நெசவாளி அல்லவா, கொடுத்த டிசைனில் ஓர் இழை பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது. கவி எதிரே உட்கார்ந்து, காதைத் தொட்டு, அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் அந்தச் சின்னக் கையைப் பிடித்து இறக்கி, “கை வேண்டாம், கவி” என்பார். அவள் மறுபடி தொடுவாள். அவர் மறுபடி இறக்குவார். சில நாள் அவள் கத்தி அழுவாள். அப்போதும் அவர் சிரித்த முகம் மாறாமல் கையைப் பிடித்தபடி இருப்பார். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று என் பஸ்ஸில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எட்டு மாதத்தில் பழக்கம் நின்றது. காதுப் பக்கம் கை போகவே இல்லை. சுதா அதை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டாள். பாவா திருத்தணியில் மைசூர்பாக் வாங்கி வந்து பஸ்ஸில் எல்லாருக்கும் கொடுத்தார். நான் இரண்டு துண்டு தின்றேன்.

ஐந்தரை வயதில் ‘அப்பா’ வந்தது. மையத்துச் சுவரில் குடும்பப் படம் ஒட்டிய அட்டை ஒன்று இருக்கும். அதில் அப்பா என்பவர் பெரிய மீசைக்காரர். கவி அந்த மீசையில் விரலை வைத்து, தெளிவாக “அப்பா” என்றாள். வெள்ளிக்கிழமை ஆனதால் பாவா அங்கேயே இருந்தார். ஓடிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்து “அப்பா” என்றாள்.

அன்று திரும்பும் வழியில் என் பஸ்ஸில் ஏறினார்கள். எனக்கு மீசை உண்டு, கொஞ்சம் தாராளமாகவே உண்டு. என்னைப் பார்த்ததும் கவி பஸ் முழுக்கக் கேட்கும்படி “அப்பா” என்றாள். தாய்மாமனைப் பார்த்து. பஸ்ஸே சிரித்தது. இன்னா சமாச்சாரம் கண்டக்டரே என்று பின் சீட்டிலிருந்து ஒருவன் கேட்டான். அவனை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருப்பேன், ஆனால் பாவாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த வாரத்தில் பஸ் ஸ்டாண்டு போலீஸ்காரர் ஒருவரும், சுவரொட்டியில் இருந்த ஒருவரும் அவளுக்கு அப்பா ஆனார்கள்.

பாவா மறுநாளே மீசை வளர்க்க ஆரம்பித்தார். கொல்லையில் மழை பொய்த்த வருஷத்துச் சோளம் போல அது அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. கவி அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இதையெல்லாம் பஸ்ஸில் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில், ஒரு மாடி வீட்டில், காது கேளாத பிள்ளைகளுக்குச் சின்னப் பள்ளி ஒன்று நடக்கிறது. அங்கே டீச்சராக இருக்கும் சந்திரா என் பஸ்ஸின் நிரந்தரப் பயணி. ஒருநாள் பாவாவின் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து, பாப்பா உங்களை என்னவென்று கூப்பிடுவாள் என்று கேட்டாள். இன்னும் கூப்பிடவில்லை என்றார் பாவா.

“கூப்பிடாத கொழந்தை இருக்காதுங்க. நமக்குத்தான் தெரியாம இருக்கும்,” என்றாள் சந்திரா.

நான் இதைக் கேட்டுவிட்டு, டீச்சர்மார்கள் பேச்சே இப்படித்தான் என்று முணுமுணுத்துக்கொண்டேன். ஆனால் பாவா அவள் பள்ளியைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். சந்திரா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மழை வருகிறது, குடையை எடு என்று வாய் சொன்னது. அதே நேரத்தில் கை மழையைப் பெய்யவைத்துக் குடையை விரித்தது. பிள்ளைகளில் சிலர் வாயால் பதில் சொன்னார்கள். சிலர் கையால் சொன்னார்கள். கவியைப் போலவே மெஷின் போட்ட ஒரு பையன் இரண்டாலும் சொன்னான். அப்பா என்பதற்கு அங்கே மீசையை முறுக்கிக் காட்டினார்கள். பாவாவின் கை தன் மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

அன்றிலிருந்து அவருக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சுதாவிடம் போய்க் கேட்டார். கையைக் கொடுத்தால் வாய் வராது, இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பாதீர்கள் என்றாள். சந்திராவிடம் கேட்டார். கை வாயைக் கெடுக்காது, குழந்தைக்கு இன்றைக்குப் பேச ஒன்று வேண்டும், நாளைக்கு வரும் என்று எத்தனை நாள் பட்டினி போடுவீர்கள் என்றாள். இருவரும் படித்தவர்கள். இருவருமே குழந்தையின் நன்மைக்காகத்தான் பேசினார்கள். ஜூன் மாதம் கவியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்குள் ஏதாவது ஒரு பக்கம் போயாக வேண்டும்.

பாவா கடைசியில் என்னிடம் கேட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் பாவா என்று பழமொழியை எடுத்துவிட்டேன்.

“வாயில்லாத புள்ளை?” என்றார்.

நான் விசிலை எடுத்து ஊதிவிட்டு டிக்கெட் போடப் போனேன்.

முடிவெடுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள் என்று சந்திரா சொல்லியிருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தை கையால் என்னென்ன காட்டிக்கொண்டிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். பாவா வெறும் நோட்டோடு போனார். கையால் ஒன்றும் கிடையாது, காதைத் தொடுகிற கெட்ட பழக்கம் ஒன்றுதான் இருந்தது, அதையும் நிறுத்திவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சந்திரா அதை அவரையே செய்து காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, எப்போது தொடுவாள், நீங்கள் இருக்கும்போதா இல்லாதபோதா என்று கேட்டாள். இரண்டு நேரத்திலும் என்றார். மெஷின் வருவதற்கு முன்னால் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்களோ, அவர்களிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பார்த்துக்கொண்டவள் ஜெயம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு கவி செட்டுப் பக்கமே வந்ததில்லை. அதனால் நடந்தது எதுவும் ஜெயம்மாவுக்குத் தெரியாது. மறுநாள் எனக்கு ஆஃப். பாவாவோடு நானும் செட்டுக்குப் போனேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். செட்டுக்குள் நுழைந்தால் பாவாவுக்குத் தானாகவே கைதான் பேசும். ஜெயம்மாவின் எதிரே நின்று, தன் மகளின் உயரத்தைக் காட்டினார். இரண்டு விரலைக் காதுக்குப் பின்னால் வைத்துத் தட்டினார். பிறகு கையை விரித்து, இது என்ன என்று கேட்டார்.

ஜெயம்மா அவரையே பார்த்தாள். பக்கத்துத் தறிக்காரன் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் அடுத்தவனுக்குக் காட்ட, அவனும் சிரித்தான். பாவா மறுபடியும் அதையே கேட்டார். தட்டினார், கையை விரித்தார். செட்டே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஜெயம்மா மட்டும் சிரிக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, அவர் தோளைப் பிடித்து வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டி வந்தாள்.

“அது உன் பேருப்பா,” என்றாள். “கொக்கி. காதுல சொருவிகினு திரியிறியே, அத்தான். உனக்கு இத்தினி வருஷமாத் தெரியாதா?”

பாவாவுக்குப் புரியவில்லை. தன் பெயரா, குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“நான்தான் சொல்லித் தந்தேன். நீ டீக்குப் போனா எங்கன்னு கேக்கும். தோ, வந்துகினுகீறான்னு காட்டுவேன். நடக்க வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட ஆரம்பிச்சிடிச்சு அது. நீ தறிய விட்டுத் திரும்பிப் பாத்தாத்தானே.”

பாவா காதிலிருந்து கொக்கியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதுதான் ஓடியது. வாசலைப் பார்த்துத் தட்டினாளே, அது. சோற்றுத் தட்டின் முன்னால் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாளே, அது. எட்டு மாதம் ஒருநாள் விடாமல் மகள் கூப்பிட்டிருக்கிறாள். எட்டு மாதம் ஒருநாள் விடாமல் அந்தக் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்.

“கஜா,” என்றார். “நான் ஸ்வீட் குடுத்தேன்டா.”

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். கவி கூடத்தில் தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தார். தன் காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துத் தட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். அவள் தீப்பெட்டியை வைத்துவிட்டு அவர் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அவர் மறுபடி தட்டினார். அவள் எழுந்து வந்தாள். நானும் அக்காவும் கதவோரம் நின்று பார்த்தோம். கவி தன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, காதிலிருந்து இறக்கி, அவர் மடியில் வைத்து மெல்ல அழுத்தினாள். சிரித்த முகமாகத்தான் செய்தாள். பிறகு போய்த் தீப்பெட்டி அடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

என் பாவா அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை. அக்கா யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினாள். மையத்தை, செட்டை, ஜெயம்மாவை, என்னை, கடைசியில் கொக்கியை.

வெள்ளிக்கிழமை பாவா சுதாவிடம் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்துத் துணைக்குப் போனேன். அவர் நடந்ததை மட்டும் சொன்னார். சுதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். எனக்கே தெரியாதே என்றார் பாவா. மெஷினைக் கழற்றிவிடாதீர்கள், பேச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்றாள் அவள். அப்படியென்றால் கையை என்ன செய்வது என்று பாவா கேட்டார்.

“எனக்கும் இப்போ தெரியலீங்க,” என்றாள் சுதா. ஒன்றரை வருஷத்தில் அவள் சொன்னவற்றில் அது ஒன்றைத்தான் பாவா குழம்பாமல் புரிந்துகொண்டார்.

ஜூனில் கவியைச் சந்திராவின் பள்ளியில் சேர்த்தார்கள். மெஷின் காதிலேயே இருந்தது. மாதம் ஒருமுறை சுதாவிடமும் போனார்கள். குழப்பம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம், புதுக் குழப்பம் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கு ஒரு மணி நேர வகுப்பு. வாயும் கையும் சேர்ந்து போக வேண்டும். பாவாவின் வாய் தமிழில் முடிக்கும்போது கை இரண்டாவது வார்த்தையில் நிற்கும். மனசு தெலுங்கில் இருக்கும். செட்டில் தண்ணீருக்கு ஒரு கை, பள்ளியில் வேறு கை. இவர் செட்டுக் கையைக் காட்டுவார், மகள் பள்ளிக் கையைக் காட்டுவாள். இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வதற்குள் தாகம் போய்விடும். இரண்டும் இருக்கட்டும் என்று சந்திரா சொன்னதும் அவருக்கு இன்னும் குழப்பமானது. ஒன்றைச் சொல்லுங்கள் டீச்சர், அதை ஒழுங்காகச் செய்கிறேன் என்று கெஞ்சினார். ஒரே டிசைனைப் பிடித்து நெய்தே பழகியவர்.

காதைத் தட்டும் கைப்பெயரை மட்டும் கவி திரும்பத் தொடவே இல்லை. சந்திரா எவ்வளவோ முயன்றாள். ஜெயம்மாவே ஒருநாள் வந்து மடியில் வைத்துக்கொண்டு காட்டினாள். கவி ஜெயம்மாவின் மூக்குத்தியைத் தொட்டு அவள் பெயரைச் சொன்னாள். காதைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்டில் வகுப்பில் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லும் பாடம் நடந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அடையாளம் பிடித்துத் தாங்களே கைப்பெயர் வைப்பார்கள். கவி அக்காவுக்கு ஜடை வைத்தாள். எனக்கு விசில் வைத்தாள். பாவாவுக்கு வைத்தது மீசையும் இல்லை, கொக்கியும் இல்லை. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். சந்திராவுக்கு அது விளங்கவில்லை. சனிக்கிழமை பாவாவைப் பார்த்ததும், தறியில் இப்படி எதையாவது அழுத்துவீர்களா என்று செய்து காட்டிக் கேட்டாள்.

“ஆங், அழுத்துவேங்க,” என்றார் பாவா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். இந்தப் பெயர் வேண்டவே வேண்டாம், டீச்சரிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம், எல்லாருக்கும் இருக்கிற மாதிரி மீசையையே பழக்கலாம் என்று அழுதாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. காலமெல்லாம் ஒரு மனிதன் தான் செய்த தப்பையே பெயராகச் சுமப்பதா?

“அவ வெச்ச பேரு அது. அந்தக் கையையும் கீழ எறக்கச் சொல்றியா?” என்றார் பாவா.

அடுத்த வாரம் ஒருநாள் செட்டில் கரண்ட் இல்லாததால் அவரே கவியை அழைத்துவரப் போனார். நான் திருத்தணியில் பஸ் நின்றிருந்த நேரத்தில் டீ குடிக்க வந்தவன், நானும் போய் நின்றேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் படியிறங்கி வந்தார்கள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். பெரிய மீசைகள் நாலைந்து இருந்தன, என்னுடையதையும் சேர்த்து. கவி கடைசிப் படியில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். என்னைத் தாண்டிப் போனது அவள் பார்வை. பாவாவைக் கண்டதும் வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அதே நேரத்தில் அவள் வாய் திறந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, “அப்பா” என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. அவள் மறுபடியும் கையை அழுத்திக்கொண்டு கூப்பிட்டாள். அவர் “ஆங், ஆங்” என்று சொல்லிக்கொண்டே அவளிடம் போனார்.